ட்ராகன் படகுப் போட்டிக்கு முதல்முறை போகிறீர்களா?

கோடை தலைகாட்டியதும் ரொறன்ரோவில் வேலையிடம், பழைய மாணவர் சங்கம், வங்கிக் கிளை என்று எங்காவது ஒருவர் "இருபது பேர் வேணும், நீங்களும் வாங்கோ" என்று ட்ராகன் படகு அணிக்கு ஆள் பிடிக்கத் தொடங்கிவிடுவார். நீங்களும் மறுக்க முடியாமல் பெயர் கொடுத்துவிடுவீர்கள். ரீசேர்ட் அளவு கேட்பார்கள், காசு கேட்பார்கள், வட்சப் குழுவில் சேர்ப்பார்கள். நீந்தத் தெரியுமா என்று கேட்பது மட்டும் கடைசியில்தான் நடக்கும், சில அணிகளில் நடக்கவே நடக்காது. முதல்முறை படகில் ஏறப்போகிறவர்களுக்காக, குறிப்பாக நீச்சல் தெரியாமல் வளர்ந்துவிட்ட எங்கள் ஆட்களுக்காக, இதை எழுதுகிறேன்.

படகு எப்படிப்பட்டது

வழமையான ட்ராகன் படகு பன்னிரண்டு மீற்றருக்கு மேல் நீளம், அகலம் ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் கூட. பத்துப் பலகைகள், பலகைக்கு இரண்டு பேர், ஆக 20 துடுப்பாளர்கள். முன்னுக்கு, படகின் ட்ராகன் தலைக்குப் பக்கத்தில், உங்களைப் பார்த்தபடி முரசு அடிப்பவர் இருப்பார். பின்னுக்கு ஒருவர் நீளத் துடுப்போடு நின்றுகொண்டு சுக்கான் பிடிப்பார். வெறும் படகே 250 கிலோ அளவில் இருக்கும், ஆட்கள் ஏறினால் இரண்டு தொன்னுக்குக் கிட்ட வந்துவிடும். இதற்கு பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமென்றால் இருபது பேரும் ஒரே நேரத்தில் துடுப்பைத் தண்ணீருக்குள் இறுக்கிப் பிடிக்க வேண்டும், அதனால்தான் சொல் கேட்பது இந்த விளையாட்டில் பலத்தைவிட முக்கியமாகிறது.

சீனாவில் சந்திர நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளில் வரும் துவான்வு விழாவோடு சேர்ந்தது இந்தப் படகோட்டம். மிலுவோ ஆற்றில் குதித்து உயிர்விட்ட கவிஞர் சூ யுவானைத் தேடி ஊரார் படகில் விரைந்த கதையை அங்கே சொல்வார்கள். 1976இல் ஹொங்கொங்கில் நடந்த சர்வதேசப் போட்டிதான் இதை இன்றைய விளையாட்டாக்கியது. வான்கூவர் எக்ஸ்போ 86 வழியாகக் கனடாவில் பரவி, ரொறன்ரோவில் 1989இல் விழாவாகத் தொடங்கியது. தொடக்கத்தில் ட்ராகனின் கண்ணுக்குப் புள்ளி வைக்கும் சடங்கு நடக்கும், எங்கள் கோயில்களில் சிலைக்குக் கண் திறப்பதைப் பார்த்தவர்களுக்கு அது ஒன்றும் புதிதாக இருக்காது. அந்தத் தலையில் ஏறியிருந்து படம் எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஆபத்து எப்போது வருகிறது

எல்லோரும் போட்டி ஓடும் அந்த இரண்டு மூன்று நிமிடங்களைத்தான் நினைத்துப் பயப்படுகிறார்கள். நடந்த பெரிய விபத்துகளைப் பாருங்கள். 2007 நவம்பரில் புனோம் பென்னில் சிங்கப்பூர் தேசிய அணியின் படகு போட்டி முடிந்து திரும்பும்போது கவிழ்ந்தது. நீரோட்டம் ஆட்களை மிதவைத் துறைக்கு அடியில் இழுத்துப்போக, ஐந்து பேர் இறந்தார்கள். அவர்கள் தேசிய வீரர்கள், லைஃப் ஜக்கெற் போட்டிருக்கவில்லை. 2010 ஜனவரியில் பினாங்கில் ஒரு பாடசாலை அணி பயிற்சியின்போது கவிழ்ந்து ஆறு பேர் போனார்கள். 2018 ஏப்ரலில் சீனாவின் குய்லினில் ஒத்திகைக்குப் போன படகு ஒன்று தடுப்பணைக்குப் பக்கத்தில் புரண்டது, காப்பாற்றப் போன படகும் புரண்டது, 17 பேர் இறந்தார்கள். மூன்றில் ஒன்றுகூடப் போட்டிக்கு நடுவில் நடந்ததில்லை.

போட்டி நேரத்தில் மீட்புப் படகு பக்கத்தில் நிற்கும், எல்லோரும் குனிந்து வேலையில் இருப்பார்கள், படகு நேராக ஓடும். ஏறும்போது, இறங்கும்போது, திருப்பும்போது, எல்லைக் கோட்டைத் தாண்டி ஆர்ப்பரிக்கும்போது, ஆளில்லாத பின்னேரப் பயிற்சியின்போது இந்த மூன்றில் ஒன்றாவது இருக்காது. உங்கள் கவனத்தை அங்கே வையுங்கள்.

பெயர் கொடுக்கும்போதே சொல்ல வேண்டியவை

நீந்தத் தெரியாவிட்டால் அணித் தலைவரிடம் நேரே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, ஊரில் கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளித்து வளர்ந்தவருக்கு நீச்சல் எங்கிருந்து வரும்? சொன்னால் நீந்தக்கூடிய ஒருவரை உங்கள் பலகையில் பக்கத்தில் இருத்துவார்கள், சுக்கான் பிடிப்பவருக்கும் தெரிந்திருக்கும். சில விழாக்களில் நீந்தத் தெரியாதவரைச் சேர்ப்பதில்லை, அதையும் முதலே கேட்டுக்கொள்வது நல்லது. சொல்லாமல் ஏறுவதுதான் பிழை.

பிறகு உடம்பு. பிரஷர் மருந்து எடுப்பவர்கள், நெஞ்சில் ஸ்டென்ற் வைத்தவர்கள், தோள்மூட்டு ஒருதடவை விலகியவர்கள் குடும்ப மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். மூன்று நிமிடம் என்றாலும் அது முழுமூச்சில் ஓடுவது. ஆஸ்மா உள்ளவர் பம்பை கரையில் பைக்குள் விட்டுவிட்டு வராமல் தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கையோடு கொண்டுவர வேண்டும், நீரிழிவு உள்ளவர் பக்கத்தில் இருப்பவரிடமாவது சொல்லி வைக்க வேண்டும். உடம்பு பெரிது, வயது போய்விட்டது என்று மட்டும் ஒதுங்காதீர்கள். 1996இல் வான்கூவரில் டொன் மக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர் மார்புப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களைத் திரட்டிப் படகில் ஏற்றினார். கையை இப்படி வேலை வாங்கினால் வீங்கிவிடும் என்று அதுவரை சொல்லிவந்தார்கள், அந்தப் பெண்கள் துடுப்புப் போட்டுக் காட்டினார்கள். இன்று எந்தப் பெரிய விழாவிலும் இளஞ்சிவப்பு உடுப்போடு அப்படி ஒரு அணியைக் காணலாம்.

கலப்பு அணி என்றால் குறைந்தது எட்டுப் பெண்கள் துடுப்புப் போட வேண்டும் என்பது பரவலான விதி. கடைசி நேரத்தில் ஒருவர் வராமல் போனால் சிக்கல், மேலதிகமாக இரண்டு மூன்று பேரைச் சேர்த்து வையுங்கள்.

லைஃப் ஜக்கெற்

போடுவதா வேண்டாமா என்று கதைக்கவே தேவையில்லை. கரையில் குவித்து வைத்திருப்பார்கள், அதில் உங்கள் அளவைத் தேடி எடுங்கள். பெரியதை எடுத்தால் வசதி என்று நினைப்பவர்கள் உண்டு, தண்ணீரில் விழுந்ததும் அது மேலே ஏறிக் காதுக்கு வந்துவிடும், நீங்கள் கீழே இருப்பீர்கள். எல்லாப் பட்டிகளையும் பூட்டி இழுத்து இறுக்கிவிட்டு, பக்கத்தில் நிற்பவரைத் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். நாடிக்கு மேலே ஏறினால் பெரியது, அல்லது பட்டி தளர்வு. இடுப்பில் கட்டும் காற்றடைக்கும் வகையைச் சில பழைய ஆட்கள் போட்டிருப்பார்கள். அது விழுந்த பிறகு கயிற்றை இழுத்தால்தான் ஊதும், சிலதைத் தலைக்குள்ளாகவும் மாட்ட வேண்டும். நீந்தத் தெரியாதவருக்கு அது வேண்டாம். கனடாவில் 16 வயதுக்குக் கீழானவர்களுக்கும் 36.3 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் அந்த வகை அனுமதியே இல்லை.

கரைக்கு வந்து இரண்டு காலும் தரையில் பட்ட பிறகுதான் கழற்ற வேண்டும். வெக்கை என்று திரும்பி வரும் வழியில் பட்டியைத் தளர்த்தும் ஆட்களை எல்லா அணியிலும் பார்க்கிறேன், புனோம் பென் கதையை அவர்களுக்குச் சொல்லலாம்.

உடுப்பும் நகையும்

பருத்தி உடுப்பு நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். ஜீன்ஸ் அதைவிட மோசம். விளையாட்டு ரீசேர்ட், இறுகிய காற்சட்டை, ஏப்ரல் மே என்றால் உள்ளே மெல்லிய கம்பளி. காலுக்குத் தண்ணீரில் போடும் சப்பாத்து அல்லது பழைய ஓட்டச் சப்பாத்து சரி. பாட்டா மாதிரிச் செருப்பு படகுக்குள் வழுக்கும், கவிழ்ந்தால் எங்காவது மாட்டும். மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு கட்டுங்கள்.

நகை விஷயம் யாரும் எழுதுவதில்லை, எங்கள் பெண்களுக்கு இது முக்கியம். மோதிரம் துடுப்புப் பிடியில் உராய்ந்து விரலைப் புண்ணாக்கும், விரல் நசிந்து வீங்கினால் கழற்றவும் முடியாது. தடித்த தாலிக்கொடி லைஃப் ஜக்கெற் பூட்டுக்குள் சிக்கும், அறுந்தால் ஒன்ராறியோ ஏரிக்குத்தான். வீட்டில் வைத்துவிட்டு வருவது சிறந்தது, அது மனசுக்கு ஒத்துவராதவர்கள் உடுப்புக்கு உள்ளே தள்ளிவிட்டு மேலே இறுகிய ரீசேர்ட் போடுங்கள். கைபேசியைக் கரையில் நிற்கும் ஆளிடம் கொடுத்துவிடலாம்.

குளிர் தண்ணீர்

வெயில் அடித்தால் தண்ணீரும் சூடு என்று நினைப்பது இங்கே சரிவராது. மே மாதத்தில் ஏரித் தண்ணீர் 10 பாகைக்குக் கீழே இருப்பது வழமை. ஜூலையில்கூட மேற்குக் காற்று இரண்டு நாள் பலமாக அடித்தால் மேலே உள்ள சூடான தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிவிட்டு அடியில் கிடக்கும் குளிர் தண்ணீர் ரொறன்ரோப் பக்கம் மேலே வந்துவிடும், ஒரே இரவில் ஆள் நடுங்கும் அளவுக்கு மாறும்.

மனிற்றோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறார், 1-10-1 என்று. உறையும் அளவு குளிரான தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது, விக்கி விக்கி இழுக்கும். அடுத்த 10 நிமிடம் வரை கை கால் சொன்னபடி கேட்கும். உடம்பு குளிர்ந்து நினைவு தப்புவதற்கு ஒரு மணி நேரம் வரை இருக்கிறது. ஆகவே விழுந்ததும் ஒன்றும் செய்ய வேண்டாம். ஜக்கெற் உங்களைத் தூக்கிப் பிடிக்கும், முகத்தைத் தண்ணீருக்கு மேலே வைத்து மூச்சு அடங்கும்வரை பொறுங்கள். அந்த முதல் நிமிடத்தில் பதறி நீந்த வெளிக்கிட்டுத் தண்ணீரைக் குடிப்பதுதான் ஆளைக் கொல்கிறது.

பயிற்சியில் கற்க வேண்டியது

பெரும்பாலான சமூக அணிகள் ஓரிரு பயிற்சியோடுதான் போட்டிக்கு வருகின்றன, அதை வீணாக்காதீர்கள். கட்டளைகள் ஆங்கிலத்தில்தான் வரும். 'படில்ஸ் அப்' என்றால் துடுப்பைத் தண்ணீருக்கு மேலே தயாராகப் பிடிப்பது. 'ரேக் இற் அவே' என்றால் தொடங்குவது. 'லெற் இற் ரைட்' என்றால் துடுப்பை எடுத்துவிட்டுப் படகை ஓடவிடுவது. 'ஹோல்ட் த போட்' வந்தால் கேள்வி கேட்காமல் துடுப்பை நேராகத் தண்ணீருக்குள் இறக்கி இறுக்கிப் பிடியுங்கள், முன்னால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். படகு ஆடும்போது 'பிரேஸ்' என்பார்கள், துடுப்பின் தட்டையைத் தண்ணீரில் படிய வைத்துச் சாய்த்தால் ஆட்டம் நிற்கும். படகுக்குள் ஒரே குரல் சுக்கான் பிடிப்பவருடையது. உங்கள் மேலதிகாரி மூன்றாவது பலகையில் இருந்துகொண்டு ஆலோசனை சொன்னாலும் கேட்காதீர்கள்.

துடுப்புப் போடுவது கையால் செய்யும் வேலை என்று நினைத்தால் இரண்டு நாளைக்கு நிமிர முடியாது. படகின் விளிம்போடு ஒட்டியிருங்கள், வெளிப்பக்கக் காலை முன்னே ஊன்றுங்கள், இடுப்பைத் திருப்பி முன்னுக்கு எட்டி, துடுப்பின் அலகு முழுக்க மறையும்வரை நட்டு, உடம்பைத் திருப்பி இழுங்கள். தொடைப் பக்கம் வந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும், அதற்குப் பின்னால் இழுத்தால் படகு கீழேதான் அமுங்கும். மேல்கை ரீ வடிவப் பிடியை விடவே கூடாது, விட்டால் அது பக்கத்து ஆளின் முகத்துக்குப் போகும்.

முரசைக் கேட்டுத் துடுப்புப் போடாதீர்கள், கேட்டுப் போட்டால் எப்போதும் ஒரு கணம் பிந்தும். முன் பலகையில் இருக்கும் இருவர்தான் தாளம், உங்களுக்கு எதிர்ப்பக்கத்தில் முன்னால் இருப்பவரின் துடுப்பைக் குறுக்காகப் பாருங்கள். நீங்கள் பலசாலியாக இருந்து நேரம் தவறினால் அணிக்குப் பாரம். மெலிந்த ஆள் நேரத்துக்குப் போட்டால் படகு ஓடும்.

கவிழ்ந்தால்

ஏறும் முன்பே இரண்டு விஷயம் மனப்பாடமாக இருக்க வேண்டும்: உங்கள் எண், உங்கள் சோடி. முன்னாலிருந்து எண்ணிக்கொண்டு வருவார்கள், பலகையில் பக்கத்தில் இருப்பவர்தான் உங்கள் சோடி. கவிழ்ந்ததும் தலையை வெளியே எடுத்து, மூச்சு அடங்கியதும் முதலில் தேட வேண்டியது அவரை. கண்டால் கையைப் பிடித்துக்கொண்டு படகைப் பிடியுங்கள், காணாவிட்டால் உடனே கத்துங்கள். படகு தலைகீழாகக் கிடந்தாலும் மிதக்கும். அதை நிமிர்த்தப் போகாதீர்கள், மேலே ஏறவும் வேண்டாம், இரண்டு பக்கமும் பரந்து பிடித்துக்கொண்டு இருந்தால் போதும். படகுக்கு அடியில் அகப்பட்டால் ஒரு கையால் விளிம்பைத் தடவிக்கொண்டு பக்கவாட்டில் வெளியே வாருங்கள். சுக்கான் பிடிப்பவர் எண்ணச் சொல்வார், உங்கள் எண் வந்ததும் உரத்துச் சொல்லுங்கள்.

கரை கிட்டத்தான் தெரிகிறது என்று தனியே நீந்திப் போகும் ஆள்தான் பெரிய தலையிடி. எண்ணிக்கையில் ஒருவர் குறைந்தால் மீட்புக்காரர் தண்ணீருக்கு அடியில் தேடத் தொடங்குவார்கள், அவரோ கரையில் துவாயோடு நிற்பார். துடுப்பு மிதந்து போனால் போகட்டும். படகு கவிழாமல் தண்ணீர் மட்டும் நிரம்பினால் எழும்பாமல் இருந்த இடத்திலேயே இருங்கள்.

விழா நாள்

ரொறன்ரோ விழா நெடுங்காலமாக நடப்பது சென்ரர் ஐலண்டில், லோங் பொண்ட் என்ற நீண்ட நீர்ப்பரப்பில். கார் போகாது. பே வீதியும் குவீன்ஸ் கீயும் சந்திக்கும் இடத்திலுள்ள ஜக் லேற்றன் துறையிலிருந்து ஃபெரி பிடிக்க வேண்டும், ஏறிவிட்டால் கால் மணி நேரப் பயணம், வரிசையில் நிற்பதுதான் நீளம். உங்கள் முதல் ஓட்டம் ஒன்பது மணிக்கு என்றால் ஒன்பது மணிக்கு ஃபெரியில் நின்று அணிக்கு ஃபோன் எடுத்து ஒரு பயனும் இல்லை, படகு ஆளுக்காக நிற்காது. ஓட்டத்துக்கு அரை மணி முன்னரே வரிசைப்படுத்தும் இடத்துக்குக் கூப்பிடுவார்கள். அங்கே பலகை ஒழுங்கில் நில்லுங்கள், பாரமானவர்கள் நடுவில், இடம் வலம் எடை சமமாக.

ஏறுவதை அவசரமில்லாமல் செய்யுங்கள். குனிந்து, ஒரு கையால் விளிம்பைப் பிடித்து, படகின் நடுவில் கால் வைத்து உடனே இருந்துவிட வேண்டும். தண்ணீர்ப் பக்கம் இருப்பவர் முதலில் ஏறட்டும், துறைப்பக்கத்தவர் படகைப் பிடித்திருக்கட்டும். இருந்ததும் விரல்களை விளிம்புக்கு வெளியே போடாதீர்கள். துறைக்கும் படகுக்கும் நடுவில், அல்லது பக்கத்தில் வந்து ஒட்டும் அடுத்த படகுக்கும் உங்கள் படகுக்கும் நடுவில், நாலு விரல் நசிவது இந்த விழாக்களில் அடிக்கடி நடக்கும் சின்ன விபத்து. இரண்டு தொன் மெதுவாக வந்து இடித்தாலும் இரண்டு தொன்தான்.

தொடக்கக் கோட்டில் படகுகளை நேராக்க நேரமெடுக்கும், முன்னும் பின்னும் தள்ளச் சொல்வார்கள். பொறுமை. 'அற்றென்ஷன் பிளீஸ்' என்றதும் கதை நிற்க வேண்டும், பிறகு ஹோர்ன். முதல் ஐந்தாறு இழுவை நீளமாகவும் ஆழமாகவும், நின்ற படகைக் கிளப்ப. பிறகு கொஞ்சம் வேகம், பிறகு தாளத்துக்கு வந்துவிடுங்கள். புதிய அணிகள் முதல் 100 மீற்றரில் எல்லாப் பலத்தையும் கொட்டிவிட்டு 500 மீற்றர் ஓட்டத்தின் மிச்சத்தைத் தவழ்ந்து முடிக்கும். பக்கத்துப் படகைத் திரும்பிப் பார்த்தால் நேரமும் தவறும், படகும் சாயும்.

எல்லைக் கோடு தாண்டியதும் வென்றாலும் தோற்றாலும் எழும்ப வேண்டாம், ஒரே பக்கம் சாய்ந்து கரைக்குக் கை காட்டவும் வேண்டாம். துடுப்பைத் தண்ணீரில் படிய வைத்து மூச்சு வாங்குங்கள். திருப்பும்போதும் பக்கத்துப் படகின் அலை வரும்போதும் கட்டளைக்குக் காது கொடுங்கள், கொண்டாட்டத்தைக் கரையில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் வரும். கூடாரத்தில் யாராவது கொத்துரொட்டிப் பெட்டி திறப்பார்கள், அதைக் கடைசி ஓட்டத்துக்குப் பிறகு பாருங்கள். வாழைப்பழம், பாண், தண்ணீர். பியர் எல்லா ஓட்டமும் முடிந்த பிறகுதான், குடித்த ஆளைப் படகில் ஏற்றக் கூடாது.

இடி கேட்டால் தண்ணீரில் எவரும் இருக்கக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகே திரும்ப இறங்க வேண்டும். இங்கே மறந்துபோகும் விஷயம், கூடாரமும் மரமும் இடிக்குப் பாதுகாப்பே இல்லை. ஓடிப்போய் ஏறக் காரும் தீவில் கிடையாது, ஆகவே வந்ததுமே சுவரும் கூரையும் உள்ள கட்டடம் எது என்று பார்த்து வையுங்கள். முந்தின நாள் பெருமழை பெய்திருந்தால் நகரின் கழிவுநீர் துறைமுகப் பக்கம் கலந்திருக்கும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தண்ணீர் புகாமல் ஒட்டுங்கள், சாப்பிட முன் சோப் போட்டுக் கை கழுவுங்கள்.

முடிந்ததும் லைஃப் ஜக்கெற்றையும் துடுப்பையும் எடுத்த இடத்தில் வையுங்கள், அடுத்த அணி அதற்காக நிற்கும். உள்ளங்கைக் கொப்புளத்தை உடைக்காமல் மூடிக் கட்டலாம். அடுத்த நாள் விலாவும் முதுகும் நோகும், அது ஒழுங்காகத் துடுப்புப் போட்டதற்கு அடையாளம். தோள்மூட்டுக்குள் குத்துவது போல் நொந்து, இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். திரும்பும் ஃபெரிக்கு பின்னேரம் ஐந்து மணிக்கு மேல் வரிசை பூங்காவரை நீளும், சின்னப் பிள்ளைகளோடு வந்தவர்கள் பரிசளிப்புக்கு நிற்காமல் முன்னரே கிளம்பினால் நல்லது.